மாமனார் கும்பிட்ட மேடு

வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன் மயானத்தில் கணக்கெடுக்கப் போகக் கூடாது. அதுவும் பெண் வீட்டார் ஊர் மயானம் என்றால் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது.

நான் போனேன். ராசிபுரம் பக்கத்திலிருந்த அந்த ஊரில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. மயானத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டும் முன், யார் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று குறித்துவைக்க ஊராட்சியில் ஆள் தேடினார்கள். "நம்ம மாப்ள எம்.ஏ. வரலாறுங்க, அவரே எழுதிக் குடுப்பாருங்க" என்று வருங்கால மாமனார் பெருமையாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரர்களை விசாரித்து வரைபடமெல்லாம் போட்டேன். (அடுத்து அகழாய்வுக்கே கூப்பிடுவார்கள் என்று நினைப்பு.)

ஒரே ஒரு மேடு உதைத்தது. மாமனார் குடும்பம் சில வருடம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். திரும்பியதிலிருந்து, தங்கள் பாட்டன் சமாதி என்று படையல் போட்டுவரும் மேடு அது. மற்றதெல்லாம் மழையில் கரைந்திருக்க, அது மட்டும் சிமெண்ட் மாதிரி இறுகி நின்றது. எங்கள் வீட்டில் சொன்னேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"டேய், அது நம்ம வண்டி போட்ட போருடா! பொணம் எடுத்துட்டு வாரவங்க குளிக்கறதுக்குன்னு போடச் சொன்னாங்க. ஐநூறு அடி போயும் தண்ணி வரல, மூடிட்டோம். தோண்டுனப்ப வெளிய வந்த கல்லுமாவுதான் மேடாக் கெடக்குது. அங்க போயி வாயத் தொறந்துராத."

(தொறக்காம இருப்பேனா?)

ஆடி பதினெட்டு. மேட்டுக்கு மாலை, இலையில் கோழிக் குழம்பு, பக்கத்தில் ஒரு குவார்ட்டர், பற்றவைத்த பீடி. மாமனார் கண்ணை மூடி, "சாமி, மாப்ளைக்கு நல்ல புத்தி குடுங்க" என்று வேண்டினார். அந்த நேரம் பார்த்து என் எம்.ஏ. விழித்துக்கொண்டது. எல்லோர் முன்னாலும் உண்மையை விலாவாரியாக எடுத்துச் சொன்னேன்.

நிச்சயித்த பெண்ணைப் பார்த்தேன். துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாள், கல்யாணம் நின்றது என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"அப்ப எங்க பாட்டன் எங்கீங்க மாப்ள?" என்றார் மாமனார்.

வரைபடத்தை விரித்து, ஊர்க் கிழவர் ஒருவர் சொல்லிக் குறித்திருந்த இடத்தைத் தொட்டேன். "அந்த வேப்பமரத்துக்குத் தெக்காலீங்க மாமா."

எல்லோரும் திரும்பினார்கள். அங்கே என் பைக், பாட்டன் நெஞ்சில் சைடு ஸ்டாண்டு ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

அவள் சிரித்தேவிட்டாள். கூட்டமும் சிரித்தது. கல்யாணம் பிழைத்தது அந்தச் சிரிப்பால்தான். மாமனார் மட்டும் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார்: "எங்க பாட்டனுக்கு நாங்க படைச்சுக்கறோம். ஆனா இத்தன வருசம் கோழி தின்னு பழகுன குழியத் திடீர்னு பட்டினி போடக் கூடாதுங்க. உங்கப்பா போட்ட குழி, இனி நீங்கதான் படைக்கோணும்."

இன்றுவரை படைக்கிறேன். விசேஷ வீடுகளில் யாராவது, "உங்கூட்டுக்காரருக்குக் குலதெய்வம் எதுங்க?" என்று கேட்டால், என் மனைவி முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்கிறாள்:

"ஐநூறு அடிச் சாமிங்க. கோழி கேக்கும், தண்ணி மட்டும் குடுக்காது."