ரும்பா மாஸ்டரின் ஜோடி

திருப்பூரில் மனிதர்களுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ரும்பா மாஸ்டர்தான். அதுவரை எங்களுக்கு இடுப்பு என்றால் எலாஸ்டிக் வைக்கிற இடம். ஸ்மால், மீடியம், லார்ஜ், அவ்வளவுதான். அதற்கென்று தனியாக ஓர் அசைவு உண்டு, அதிலும் ஊருக்கு ஊர் தினுசு உண்டு என்பதெல்லாம் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

தொழிலில் அவர் கட்டிங் மாஸ்டர். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக நான் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில், நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிற பிரிவுக்கு அவர்தான் ராஜா. அவிநாசிக்காரர். வாட்டசாட்டமான ஆள். வெள்ளைச் சட்டை, காது மடலில் சாக்பீஸ். சிரித்தால் கட்டிங் ஹால் முழுக்கக் கேட்கும்.

வினையை ஆரம்பித்து வைத்தது ஒரு பாவாடை. வெளிநாட்டு நடனப் பள்ளிகளுக்குப் பயிற்சி உடை வாங்கி விற்கிற வெளிநாட்டு வியாபாரி ஒருவர், எங்கள் பாஷையில் பையர், எங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். சாம்பிள் அனுப்பினோம். ரிஜெக்ட். மறுபடி அனுப்பினோம். மறுபடி ரிஜெக்ட். 'பெண் சுழலும்போது பாவாடை சுழலவில்லை' என்று மெயில் வந்தது.

மாஸ்டர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சார், அந்தப் பொண்ணு எப்படிச் சுத்துதுன்னே தெரியாம நான் எப்படீங்க வெட்டறது? காமிங்க பாக்கலாம்."

லேப்டாப்பில் ஒரு நடனப் போட்டி வீடியோவைப் போட்டேன். ரும்பா. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எதிரெதிரே நின்று, எந்த அவசரமும் இல்லாமல், கோபித்துக்கொண்ட புருஷன் பொண்டாட்டி சமாதானம் ஆவதுபோல மெல்ல மெல்ல நெருங்கினார்கள். மாஸ்டர் இமைக்காமல் பார்த்தார். பாவாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னொருக்கா போடுங்க" என்றார்.

பாவாடை அதற்கடுத்த முறையும் ரிஜெக்ட்தான். கடைசியில் பையரே தன்னுடைய பேட்டர்னை அனுப்பி ஒப்பேற்றினார். ஆனால் மாஸ்டர் அதற்குள் ரும்பாவில் முழுதாக இறங்கிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைப் பத்து வாயில் முடித்துவிட்டு, போனைத் துணி ரோலில் சாய்த்து வைத்து, கட்டிங் மேசைக்கும் சுவருக்கும் இடையில் ஆட ஆரம்பித்தார்.

காலை எங்கே வைப்பது என்று நினைவிருக்கவேண்டும் என்பதற்காகத் தரையில் சாக்பீஸால் பாதங்களை வரைந்தார். முன்னால், பக்கவாட்டில், சேர்த்து, பின்னால், பக்கவாட்டில், சேர்த்து. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, பாதுகாப்பு விதிகளைச் சரிபார்க்கிற ஆடிட்டர் வந்துவிட்டார். இது என்ன பாத அடையாளம் என்று அவர் கேட்க, எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் பதற்றத்தில், "தீப்பிடித்தால் வெளியேறும் வழி சார்" என்று சொல்லிவிட்டார். ஆடிட்டர் மனசாட்சி உள்ள மனிதர். ஒவ்வொரு பாதத்திலும் காலை வைத்து நடந்து பார்த்தார். ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார். "இந்த வழியாகப் போனால் யாருமே வெளியே போக முடியாதே!" என்று அவர் அலறிய அலறலில் தையல் மெஷின்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டன.

முதலாளி கூப்பிட்டுக் கண்டிப்பார் என்று பார்த்தால், அவரும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "வேலை நேரத்துல வேண்டாமுங்க மாஸ்டர். ஞாயித்துக்கெழமை ஹாலு சும்மாதான இருக்குது" என்றார். இப்படித்தான் வகுப்பு பிறந்தது.

வகுப்புக்கு ஒரே ஒரு விதி. கல்யாணமான ஜோடிகள் மட்டும். "நாளைக்கு ஆரும் ஒரு பேச்சுப் பேசீரக் கூடாதுங்க" என்றார் மாஸ்டர். முதல் மாணவர்கள் நானும் என் மனைவி செல்வியும். நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இரண்டாவது ஜோடி, பீகாரைச் சேர்ந்த தையல்காரர் மனோஜும் அவர் மனைவியும். மனோஜ் அதை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர். உண்மை தெரிந்தபிறகும் அவர் போகவில்லை.

பாடம் சொல்வதில் மாஸ்டருக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அவருடைய மரியாதை. "இப்ப இடது காலைக் கொஞ்சம் முன்னால வெச்சுட்டு, அப்பறம் வலது காலைப் பக்கத்துல கொண்டாங்க பாக்கலாமுங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு இரண்டு தாளம் தாண்டிப் போயிருக்கும். சா-சா-சா என்ற அடுத்த ஆட்டத்தில் இது பெரும் சிக்கல். ரும்பாவின் அதே அடிகள்தான். ஆனால் நடுவில் மூன்று குட்டி அடிகளைச் சட்டுச் சட்டென்று நுழைக்க வேண்டும். மாஸ்டர், "சாங்க, சாங்க, சாங்க" என்று அதற்கும் மரியாதை சேர்த்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கெஞ்சிய பிறகுதான் தாளத்தை மட்டும் ஒருமையில் அழைக்கச் சம்மதித்தார்.

ஆனால் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் உருப்படியாக இருந்தது. "இடுப்பை ஆட்டாதீங்க சார். ஆட்டுனா கரகாட்டம் ஆயிரும். காலை வெச்சு முட்டியை நேராக்குங்க. பாரம் அந்தக் காலுக்கு எறங்குச்சுன்னா இடுப்பு தானா வருமுங்க" என்பார். வந்தது. எனக்கே ஆச்சரியம். சம்பா என்ற பிரேசில் ஆட்டத்துக்கு முழங்காலில் ஸ்பிரிங் வைத்ததுபோல ஒரு குதிப்பு வேண்டும். அதில் மனோஜை யாரும் மிஞ்ச முடியவில்லை. ஜைவ் என்பது உதைத்து உதைத்து ஆடுகிற வேக ஆட்டம். அதில் என் செருப்பு பறந்து போய் ஃபேனில் பட்டது.

பாஸோ டோப்ளே வந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் கலவரம். அது ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையை வைத்து உண்டான ஆட்டம். நெஞ்சை நிமிர்த்தி, தரையை ஓங்கி மிதித்து நடக்க வேண்டும்.

"இதுல சார்தான் காளையை அடக்கறவரு" என்றார் மாஸ்டர்.

செல்வி சந்தேகமாகக் கேட்டாள். "அப்ப நான் காளையா?"

"இல்லீங்க. நீங்க காளை முன்னால அவரு வீசற துணிங்க."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "காலையில எந்திரிச்சா துணி, ராத்திரி வந்தாலும் போன்ல துணி, துணின்னுதான் கெடக்கீங்க. ஞாயித்துக்கெழம ஒருநா வெளிய கூட்டிட்டு வந்தா, இங்க வந்து நானே துணியா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு பாஸோ டோப்ளேயில் செல்விதான் காளை. எனக்கு அது கொஞ்சமும் கடினமாக இல்லை.

இத்தனை ஜோடிகளை ஆடவைத்த மாஸ்டருக்கு ஜோடி இல்லை. அவர் மனைவி மரகதம் வகுப்புப் பக்கமே தலைகாட்டவில்லை. "வயசுக்கு வந்த புள்ளைய ஊட்டுல வெச்சுட்டு இவருக்கு ஆட்டமென்ன வேண்டிக் கெடக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் மாஸ்டர், சாம்பிள் மாட்டி வைக்கிற துணிப் பொம்மையோடு ஆடினார். அதற்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. ஒரு ஸ்டாண்டில் நிற்கும். கீழே சக்கரம். மாஸ்டர் அதன் தோளில் கைவைத்து அவ்வளவு மென்மையாகத் தள்ளிக்கொண்டு போவார், திருப்பத்தில் சக்கரம் கிறீச்சிட்டால் "மன்னிச்சுக்குங்க" என்பார்.

மனோஜ் இதை வீடியோ எடுத்து, 'எங்கள் மாஸ்டர்' என்று ஹிந்தியில் எழுதி, பக்கத்தில் இதயம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தார். பாசத்தில்தான் வைத்தார். அது பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய், அங்கிருந்து சோமனூரில் யாரோ ஒருவருக்குப் போய், கடைசியில் பொங்கலூரில் போய் இறங்கியது. பொங்கலூரில்தான் மாஸ்டரின் மகள் பிரியாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீடு இருந்தது.

அதிலிருந்து சம்பந்தி வீட்டாரின் பேச்சு குறைந்தது. மண்டபம் பார்க்க வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. பிரியா அழுது வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போய் வந்தாள். மாஸ்டர் பொம்மையை சாம்பிள் ரூமில் கொண்டுபோய் நிறுத்தினார். தரையிலிருந்த பாதங்களை ஈரத்துணியால் அவரே துடைத்தார். வகுப்பு நின்றது. அந்தப் பெரிய சிரிப்பும் நின்றது. வெட்டுகிற மெஷின் சத்தம் மட்டும் கேட்கிற கட்டிங் ஹாலில் நிற்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, பேச வருகிறோம் என்று பொங்கலூரிலிருந்து தகவல் வந்தது. மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"சார், மொதமொதல்ல எனக்கு அந்த ரும்பா வீடியோவக் காமிச்சவரு நீங்க. வந்து பக்கத்துல உக்காந்துக்குங்க. எனக்குத் தைரியமா இருக்கும்."

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா தோப்பும் கோழிப்பண்ணையும் வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். தண்ணீர் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, தேங்காய் விலையைப் பற்றிப் பேசி, பிறகு தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புள்ள மேல ஒரு குறையும் இல்லீங்க. எங்க பங்காளிகதான் கேக்கறாங்க. பொண்ணோட அப்பா பொம்மையக் கட்டிப் புடிச்சுட்டு ஆடறாராமா, ஏனுங்க, தலைக்கு ஏதாச்சும் சுகமில்லையான்னு."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விட்டுட்டனுங்க. இனி ஆட மாட்டனுங்க."

"கண்ணாலத்துக்கு அப்பறமும்?"

"அப்பறமும்தானுங்க."

அப்போதுதான் காப்பித் தட்டோடு மரகதம் வந்தார். தட்டை வைத்தார். நிமிர்ந்தார்.

"அண்ணா, நான் இவரைத் திட்டாத திட்டில்லீங்க. அது நான் திட்டறது. பங்காளிக திட்டறதுக்கு என்ன இருக்குதுங்க? இவரு குடிக்கறதில்ல. சீட்டாடறதில்ல. ஞாயித்துக்கெழமையானா ஆடறாரு. இந்த ஒரு மாசமா அதையும் விட்டுட்டாரு. சோறு போட்டாத் திங்கறாரு, போடாட்டி ஏன்னு கேக்கறதில்ல. ஊட்டுக்குள்ள ஒரு பொம்மைய உக்கார வெச்சாப்பல இருக்குதுங்க."

மாஸ்டர் தலைநிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"ஆனா நீங்க சொல்றதும் ஞாயந்தானுங்க" என்றார் மரகதம். "பொம்மையப் புடிச்சுட்டு ஆடறது தப்புத்தான். இனிமே என்னையப் புடிச்சுட்டு ஆடட்டும். கட்டுன பொண்டாட்டியோட ஆடறதுக்குப் பொங்கலூர்ல ஆருக்கு என்னங்க?"

திடீரென்று மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "நானும் ஊட்டுல இதையேதான் சொன்னனுங்க அக்கா. இவரு கேக்கோணுமே! அந்தப் பொம்மையக்கூட எவ்வளவு பதனமாப் புடிச்சிருக்காரு, அவரு ஊட்டுப் புள்ளைய எப்படி வளத்திருப்பாருன்னு கேட்டனுங்க." மாப்பிள்ளையின் அப்பா மனைவியையும் மரகதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் காப்பியை எடுத்துக் குடித்தார். கல்யாணம் உறுதியாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்கிய வகுப்புக்கு மரகதம் வந்தார். வந்தவுடன் ஒரு சட்டப் பிரச்சினை. ரும்பாவில் ஆண் முன்னால் வரும்போது பெண் பின்னால் போக வேண்டும்.

"நான் எதுக்குப் பின்னால போகோணும்?"

"ஆட்டமே அப்படித்தான் மரகதம்."

"அப்ப ஆட்டத்த மாத்துங்க."

மாஸ்டர் யோசித்தார். பிறகு, பெண்கள் ஆடும் அடிகளை ஒவ்வொன்றாகத் தானே கற்றுக்கொண்டார். மரகதம் முன்னால் வர, மாஸ்டர் பின்னால் போனார்.

பிரியாவின் கல்யாணப் பத்திரிகை வந்தபோதுதான் மாஸ்டருக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே கம்பெனிக்குத் தெரிந்தது. 'யாருங்க இது?' என்று பாதிப்பேர் கேட்டார்கள். வரவேற்பில் பாட்டுக் கச்சேரிக்காரர்களிடம் சொல்லி மெதுவான பாட்டாக ஒன்று வாசிக்கச் செய்து, மாஸ்டரும் மரகதமும் மேடை ஓரத்தில் ஆடினார்கள். மரகதத்தின் முகம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற முகம். ஒரு சிரிப்பில்லை. ஆனால் ஒரு அடி தப்பவில்லை. பொங்கலூர்ப் பங்காளிகள் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மனோஜ் கீழே நின்று விசிலடித்தார்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஆனாலும் பல ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வியும் நானும் அந்த ஹாலுக்குப் போகிறோம். போன வாரம் எங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மரகதம் நேரே பார்த்தபடி முன்னால் வந்துகொண்டிருந்தார். மாஸ்டர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், எதிலும் இடித்துக்கொள்ள மாட்டோம் என்ற நம்பிக்கையில், சிரித்துக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை விடவில்லை.