தொண்ணூற்றாறு ஓட்டைகளும் ஒரு நாற்காலியும்

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று எழுபத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எழுபத்து நான்காவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருபது நிமிடத்துக்கு, அந்த நம்பிக்கை என் முதுகில் வெடித்தது. (உவமை இல்லை. நிஜமாகவே முதுகில்தான்.)

ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீட்டு வாசலுக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழை பெய்தால் பதினெட்டு கூடும், குட்டையைச் சுற்றிப் போக வேண்டும். என் மனைவி மல்லிகா பூ தொடுத்தால் எத்தனை பூ என்று சொல்லிவிடுவேன். "சாமிக்கே கணக்கு தெரியாது, உங்களுக்கு இன்னாத்துக்கு?" என்பாள்.

காரணம் இருக்கிறது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபத்தொன்பது வருடம் என் வேலையே அதுதான். பாறையில் எத்தனை துளை போட்டார்கள், எத்தனையில் வெடிமருந்து வைத்தார்கள், எத்தனை வெடித்தது என்று எண்ணிப் புத்தகத்தில் எழுத வேண்டும். முப்பத்திரண்டு துளை வைத்து முப்பத்தொரு சத்தம் கேட்டால் அடுத்த ஷிப்ட் ஆட்களை உள்ளே விடக் கூடாது. வெடித்த பிறகும் பாறையில் மிச்சம் நிற்கிற துளைகளில் மருந்து ஒளிந்திருக்கலாம். அவற்றை அடைத்து அடையாளம் வைத்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். திறந்த ஓட்டையைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஓட்டை தெரியும். எனக்கு உள்ளே ஒளிந்திருக்கிற மருந்து தெரியும்.

இதை முதலிலேயே மகளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மகள் சுமதியும் மருமகனும் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். கொத்தனாரை வைத்து மாதக்கணக்கில் வீடு கட்டினால் யார் பார்த்துக்கொள்வது? அதனால் தொழிற்சாலையிலேயே சுவர்களை வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்துகிற பிரீகாஸ்ட் வீடு என்று முடிவு செய்தார்கள். "சுவர் லாரியில வருதுன்னா, ஜன்னல் தபால்ல வருமா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரிகை கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை சுவர் நிற்கும், வெள்ளிக்கிழமை இணைப்பு வேலை, சனி ஞாயிறு காயும், திங்கட்கிழமை கிரேன் திரும்ப வந்து மேல்தளத்தை ஏற்றும். அந்தத் திங்களை விட்டால் கிரேன் ஓசூர் பக்கம் போய்விடும், திரும்ப ஒரு மாதமாகும். அப்புறம் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் கூரையில்லாத வீட்டில் வந்து நிற்கும்.

புதன்கிழமை சுமதி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, நாளைக்கு எங்களால லீவு போட முடியாது. நீங்கதான் சைட்ல இருக்கணும். வர்ற சாமானை எண்ணி எழுதுங்க."

சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து எதையாவது எண்ணுங்கள் என்று என்னிடம் யாருமே கேட்டதில்லை. நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது.

"ஆனா எதையும் தொடக்கூடாது" என்றாள்.

(போன தீபாவளிக்கு மிக்ஸியைக் கழற்றினேன். திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. மிக்ஸி இன்றும் ஓடுகிறது. மூடியைப் பிடித்துக்கொள்ள மட்டும் ஓர் ஆள் வேண்டும்.)

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போய்விட்டேன். அஸ்திவாரத்திலிருந்து நேராக மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் நாற்பத்தெட்டு. சுவர்ப் பலகைகள் பன்னிரண்டு. கிரேன் ஒவ்வொரு பலகையாகத் தூக்கி, கம்பிகள் அதன் அடியில் இருந்த குழாய்களுக்குள் போகும்படி இறக்கியது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரும்பு முட்டு, மொத்தம் இருபத்து நான்கு. எல்லாம் எழுதினேன். 'கம்பி நாற்பத்தெட்டு, உள்ளே போயிற்று' என்று கூட எழுதியிருக்கிறேன். உள்ளே போன கம்பி அங்கே என்ன செய்கிறது என்று யோசிக்கவில்லை. எண்ணுகிறவனுக்கு யோசிக்க ஏது நேரம்?

மதியம் கிரேன் போனது. கம்பெனி இன்ஜினியர் நாகேஷ் (மீசை அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தது) கும்பிட்டுவிட்டு, "காலைல வர்றோம் ஐயா" என்று பைக்கில் கிளம்பினான். நான் தனியாக வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். சுவர்களின் உள்பக்கம் முழுக்க ஓட்டை. தரையை ஒட்டி ஒன்று, அதற்கு நேர் மேலே இடுப்பு உயரத்தில் ஒன்று. பலகைக்கு எட்டு. பன்னிரண்டு பலகைக்கு தொண்ணூற்றாறு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்.

புது வீட்டில் தொண்ணூற்றாறு ஓட்டை! மழை வந்தால்? ஓட்டைக்கு ஒரு தேள் குடிவந்தால்கூட தொண்ணூற்றாறு தேள். நாகேஷுக்கு போன் செய்து கேட்டிருக்கலாம். எண்ணும் இருந்தது, பேட்டரியும் இருந்தது. ஆனால் மீசை சரியாக முளைக்காதவனிடம் ஓட்டையைப் பற்றி நான் கேட்பதா? பாறையில் ஓட்டை பார்த்தே கிழவனானவன் நான்!

கழிவுத்தொட்டிக்குத் தோண்டிய குழியில் நல்ல செம்மண் களி கிடந்தது. பிசைந்தேன். ஒவ்வொன்றும் நாலு விரல் நீளம் என்று உருட்டி ஒரு மரப்பலகையில் அடுக்கினேன். தொண்ணூற்றாறு அல்ல, தொண்ணூற்றேழு. சுரங்கத்தில் எப்போதும் ஒன்று கூடுதலாக உருட்டுவது வழக்கம், உடைந்தால் கைகொடுக்கும். இந்தக் கூடுதல் ஒன்றை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மாலை ஆறு மணிக்குள் தொண்ணூற்றாறையும் அடைத்து, மேலே சிமெண்ட் பூசி, உள்ளங்கையால் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். இடுப்பு ஒடிந்தது. மனம் நிறைந்தது. ராத்திரி மல்லிகாவிடம் நாளைக்கு எனக்கு ஒரு மாலை வரலாம் என்றேன். "யார் போடப் போறாங்க, இப்போவேவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை முக்கியமான வேலை என்று சுமதி லீவு போட்டிருந்தாள். அவளும் நானும் மல்லிகாவுமாகப் போனோம். நாகேஷ் வந்தான். அவனோடு பூதிகோட்டையிலிருந்து பம்ப் மெஷின்காரர் முனியப்பாவும் இரண்டு உதவியாட்களும் வந்தார்கள். முனியப்பா குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அடுத்த சுவரைப் பார்த்தார். வெளியே போய், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"சார், ஹோல் எல்லி? எங்க போச்சு, ஒண்ணுகூட காணோமே!"

நான் தொண்டையைச் செருமினேன். "அடைச்சிட்டேன்."

"எதை அடைச்சீங்க?" என்றான் நாகேஷ்.

"தொண்ணூத்தாறும்."

மாலை வரவில்லை. நாகேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாக, வகுப்பில் கடைசி பெஞ்ச் பையனுக்குச் சொல்வதுபோல் சொன்னான். "ஐயா, கம்பி உள்ள சும்மா நிக்குது. கீழ் ஓட்டையில கஞ்சி மாதிரி சிமெண்ட் கலவையை பம்ப் பண்ணுவோம். அது குழாய்க்குள்ள கம்பியைச் சுத்தி ஏறி, மேல் ஓட்டை வழியா வெளிய வரணும். வந்தாத்தான் உள்ள நிறைஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் நாங்களே ரப்பர் வெச்சு அடைப்போம். அது இறுகினாத்தான் சுவரும் அஸ்திவாரமும் ஒண்ணாகும். இப்போ இந்த வீடு வெறும் முட்டு மேல நிக்குது."

"இருபத்து நாலு முட்டு" என்றேன். உதவியாக இருக்கட்டும் என்றுதான்.

சுமதி என் அருகில் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நைனா, நான் உங்ககிட்ட இன்னா சொன்னேன்?"

"எண்ணச் சொன்னே."

"அப்புறம்?"

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். பத்து நகத்திலும் செம்மண்.

"திங்கக்கிழமை கிரேன் வருது நைனா" என்றாள். "ஒரே ஒரு வேலைதான உங்களை நம்பி குடுத்தேன்."

அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதை ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. சிமெண்ட் பூச்சு கருப்புத் தழும்பாகத் தெரிந்ததால், உதவியாட்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பெயர்த்தார்கள். களிமண்ணைக் கம்பியால் கொக்கி போட்டு இழுத்தார்கள். துண்டு ஏதாவது உள்ளே தங்கினால் கலவை கம்பியைப் பிடிக்காது என்று நாகேஷ் பதறினான்.

"ஒவ்வொண்ணும் நாலு விரல் நீளம். அளந்துக்கோ" என்று நாற்காலியிலிருந்து சொன்னேன். அளந்தான். எல்லாம் முழுசாக நாலு விரல். அன்று காலை முதல்முறையாக அவன் என்னை மனிதனாகப் பார்த்தான். பிறகு தண்ணீர் அடித்து, காற்று அடித்து, குழாய்களைச் சுத்தம் செய்தார்கள். என் நாற்காலிக்கு அடியில் இருந்த கீழ் ஓட்டையை, நான் காலைத் தூக்கிக்கொள்ள, ஒருவன் குனிந்து தோண்டினான். எடுத்த களிமண் எல்லாவற்றையும் அந்தப் பழைய மரப்பலகையிலேயே வரிசையாக வைத்தார்கள்.

பத்தரைக்கு நான் மரப்பலகையில் இருந்த களிமண் துண்டுகளை எண்ணினேன். தொண்ணூற்றாறு. மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றாறு.

"பலகைக்கு எட்டு இருக்கான்னு ஒருதரம் சுவரையும் பார்த்துடலாமா ஐயா?" என்றான் நாகேஷ்.

"தம்பி, இருபத்தொன்பது வருஷம். ஒரு நாள் ஒரு துளை தப்பினதில்ல. பம்ப் போடு" என்று சொல்லிவிட்டு, போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பம்ப் ஓடியது. கீழே கலவை போகும், மேல் ஓட்டையில் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும். "வந்துடுச்சு!" என்று முனியப்பா கூவுவார். நான் "ஒண்ணு!" என்பேன். உதவியாள் ரப்பரைச் செருகுவான். "வந்துடுச்சு!" "ரெண்டு!" என் குரல் திரும்ப வந்துவிட்டது. முப்பதைத் தாண்டும்போது சுமதிகூட லேசாக மூச்சு விட்டாள். முப்பத்தெட்டு முடிந்து என் நாற்காலிக்கு வந்தார்கள்.

"ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க" என்றார் முனியப்பா.

"கணக்கு விட்டுப்போவும். கீழதான வேலை? நீ பண்ணு." காலைத் தூக்கிக்கொண்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, என் காலுக்கு அடியில் குழாயைச் செருகினார்.

பம்ப் உறுமியது. எதுவும் வரவில்லை.

"இன்னா சார் இது, போய்கினே கீது, மேல வரமாட்டேங்குதே?"

"இதுக்கு மேல் ஓட்டை எங்க?" என்று நாகேஷ் சுவரைத் தேடினான்.

"எல்லாம் திறந்தாச்சு. மரப்பலகையில தொண்ணூத்தாறு கீது, போய் எண்ணிப் பாரு!" என்றேன் கம்பீரமாக, சாய்ந்துகொண்டு.

எண்ணப் போகும் அவசியம் வரவில்லை. தொப் என்று ஒரு சத்தம். நாற்காலி முதுகின் இடைவெளி வழியாக, நாலு விரல் நீளமுள்ள ஏதோ ஒன்று என் முதுகில் குத்தி இறங்கியது. அதன் பின்னால் குளிர்ச்சியாக, கனமாக, காலர் முதல் வேட்டி வரை கலவை பாய்ந்தது. இருபத்தொன்பது வருடம் ஷிப்டுக்கு ஷிப்ட் தேடிய அந்த வெடிக்காத துளை, கடைசியில் என்னைத் தேடி வந்துவிட்டது. மரப்பலகையில் இருந்த தொண்ணூற்றாறில் ஒன்று, சுவருக்குள் போகவே போகாத அந்தக் கூடுதல் உருண்டை.

எல்லாரும் உறைந்து நின்றார்கள். முனியப்பா மட்டும் வேலை மறக்காதவர்.

"வந்துடுச்சு!" என்று கூவினார்.

நானும் வேலை மறக்காதவன்தான். "முப்பத்தொன்பது" என்றேன்.

அதற்குத்தான் சுமதி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, உட்கார்ந்து சிரித்தாள். மல்லிகா, "அப்படியே இறுகிடப் போறீங்க, வாங்க இப்படி!" என்று வாசலுக்கு இழுத்துப் போய், தெருவே பார்க்க ஆறு வாளி தண்ணீர் ஊற்றினாள். நாகேஷ் ரப்பரைச் செருகிவிட்டு மிச்சம் ஒன்பதையும் முடித்தான். அந்தச் சட்டையை மடிக்க முடியவில்லை. மூலையில் வைத்தால் அதுவே நிற்கும்.

திங்கட்கிழமை கிரேன் வந்தது. மேல்தளம் ஏறியது. முட்டுகளைக் கழற்றியபோது நான் தெருமுனையில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். வீடு அசையவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முனியப்பாவையும் அழைத்திருந்தாள் சுமதி. புது அடுப்பில் பால் வைத்தாள். எல்லாரும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நுரை ஏறி விளிம்பைத் தாண்டியதும், முனியப்பா பழக்கதோஷத்தில், "வந்துடுச்சு!" என்று கூவிவிட்டார்.

சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"நாப்பத்தொன்பது!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் பொங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "வந்துடுச்சு" என்று கூவ வேண்டும், நான் எந்த அறையில் இருந்தாலும் எண்ணைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போயிருந்தால் போனில் கூவுகிறார்கள். நேற்றுக் காலை முந்நூற்றுப் பதினேழு. சொல்லிவிட்டு உட்காரப் போனேன். சுமதி ஓடிவந்து நாற்காலியை சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டாள்.