ஆர்கனின் மூச்சை நிறுத்தியவன்

பங்குக் கோவில் ஆர்கனின் மூச்சை நிறுத்திவிடுவது என்று திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். வாய் கொப்பளித்துவிட்டு, உறுதிக்காக, இன்னொரு முறையும் முடிவு செய்தேன்.

நான் பழைய மோட்டார் வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு கைகழுவியது. மிச்சப் பாடத்தை அடியும் உதையும் சந்தையும் சொல்லிக்கொடுத்தன. சொன்ன விலைக்கு ஒரு திருகாணியைக்கூட எவனும் என் தலையில் கட்டியதில்லை. கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் கோபப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டுமே? அங்கேதான் வந்தது வினை.

என் மனைவிதான் கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையோடு நின்றவரை நானும் பெரியமனசு பண்ணி விட்டுவைத்திருந்தேன். அடுத்த மாதம் ஆயர் வருகிறார் என்று பாதர் அறிவித்தாலும் அறிவித்தார், தினமும் சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி என்று கிளம்பிவிட்டாள். நான் கடையடைத்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். மேசையில் சாப்பாடு. அதன் மூடிமேல் ஒரு சீட்டு: 'சூடு பண்ணிக்குங்க.'

எனக்கோ உட்காரத் தெரியாது. கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து மறுபடி கூடம். அப்படி நடந்த நடையை நேராக நடந்திருந்தால் இரண்டு ஊர் தாண்டியிருப்பேன். சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டில் மனிதன் குடியிருப்பானா?

பேசித்தான் பார்த்தேன்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் போயிட்டு வா."

"ஆறு நாள்."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். மூணு நாள்."

"ஆறு நாள். ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னாடி இன்னொரு தடவை."

"பேரம்னா நீ இறங்கணும். ஏறக்கூடாது."

"நான் எங்கங்க பேரம் பேசினேன்? தகவல் சொன்னேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டாள்.

அந்த ஆர்கனுக்குக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் காற்று இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் தகரம். பெட்டிக்குப் பின்னால் ஒரு இருட்டு அறை. அதில் பெரிய துருத்தி. துருத்திக்குக் காற்றடிப்பது ஒரு மோட்டார். பத்து வருஷத்துக்கு முன் நானே தேடிப் பிடித்து, நானே மாட்டிக்கொடுத்தது. மேலே பித்தளைப் பலகையும் உண்டு: 'ஆர்கன் வாசிப்பவர் குடும்பத்தாரின் அன்பளிப்பு.' பெற்ற பிள்ளை வாலாட்டினால் யார் அடக்குவது? அப்பன்தானே.

செவ்வாய்க்கிழமை பாதரிடம் போனேன். "மோட்டார்ல கருகல் வாசனை வருது பாதர். ஆயர் வர்ற நேரத்துல மானம் போயிடக் கூடாது. கழட்டிப் பார்த்துடறேன்" என்றேன். பாதர் என் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்தார். அறைக்குள் துருத்தியின் பக்கவாட்டில் ஒரு நீண்ட மரக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. வசதியாக இருக்கிறதே என்று சட்டையைக் கழற்றி அதில் மாட்டினேன். அரை மணியில் மோட்டார் என் கடையில், கோணிச் சாக்குக்கு அடியில் தூங்கியது.

"என்னங்க ஆச்சு மோட்டாருக்கு?" என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"காயில் போச்சு. அந்த மாடலுக்கு இப்ப காயில் வர்றதில்ல."

"எப்ப சரியாகும்?"

"ஆயர் வந்துட்டுப் போனப்புறம்."

"அப்படியா" என்றாள்.

இவள் 'அப்படியா' என்று மட்டும் சொன்னால் ஊரைவிட்டே ஓடிவிட வேண்டும். இருபது வருஷக் குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் நிம்மதியாகக் கையலம்பினேன்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் விளக்கு எரிந்தது. அவள் இருந்தாள். எதைப் பிடித்துச் சண்டை தொடங்கலாம் என்று நான் ஆசையாகச் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள், "கிளம்புங்க, பாதர் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்றாள்.

கோவிலில் ஆர்கன் இருக்கும் மேல்மாடத்தில் பாடகர் குழு முழுக்க நின்றது. என் மனைவி பின்னறைக்குள் போய், நான் சட்டை மாட்டிய அந்த மரக்கட்டையைத் தட்டிக் காட்டினாள்.

"மோட்டார் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கைப்பிடியை மேலயும் கீழயும் அடிச்சுத்தான் காத்து ஏத்துவாங்க, பாதர். துருத்தி இன்னும் கல்லு மாதிரி இருக்கு."

"நல்லதும்மா. ஆனா யார் அடிக்கிறது?" என்றார் பாதர்.

அடித்தொண்டையில் பாடும் தபால்காரர் உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு முதுகு பிடிப்பு."

"இவர் இருக்காரே" என்றாள் என் மனைவி. "சாயங்காலம் வீட்டுல சும்மா நடந்துட்டுத்தான் இருக்கார்."

"பாதர், எனக்குக் கடை..."

பாதர் மறுபடியும் என் தலைமேல் கைவைத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவனாவது வாயால்தான் ஊதினான்.

அந்த அறையில் ஒரு நூலில் ஈயக் குண்டு தொங்குகிறது. காற்றுக் குறைந்தால் குண்டு ஏறும். சுவரில் போட்ட கோட்டைத் தாண்ட விடக் கூடாது. முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினேன். ஆர்கன் பசித்த ஆட்டுக்குட்டிபோல இழுத்தது. உடனே அந்தப் பக்கம் மரத்தளத்தில் டொக்கென்று என் மனைவியின் மிதி. ஒரு மிதி என்றால் வேகம், இரண்டு என்றால் நிதானம். பாட்டு முடியும்வரை இரண்டு மிதி எனக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே சரணடைந்தேன். "காயில் கிடைச்சிடுச்சு. இன்னிக்கே மாட்டிடறேன்."

"வேண்டாங்க. கையால அடிச்சாத்தான் பாட்டுக்கு மூச்சு வருது. உங்க மோட்டார் பத்து வருஷமா பாட்டுக்கு நடுவுல தலைவலிக்காரன் மாதிரி முனகிட்டே கிடந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கொடுத்தது. பித்தளைப் பலகை வேற. அதை நான் எப்படிக் கழட்டச் சொல்றது? நீங்களா கழட்டினாத்தான் உண்டு."

எனக்கு எங்கோ இடித்தது. "காயில் போகலைன்னு உனக்கு..."

"கடைக்குப் போய் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பிளக்கைச் சொருகினேன். ஜோரா சுத்திச்சு."

"சரி, தப்புதான். அதுக்காக வாரத்துல ஆறு நாளுமா என்னை அடிக்க விடுவே? மூணு நாளா ஆக்கு."

"பாதர் கேட்டதே மூணு நாள்தாங்க. மூணு நாளுக்கெல்லாம் நீங்க பொறுமை இழந்து மோட்டார்ல கை வைப்பீங்களான்னு தெரியல. ஆறுன்னேன். மிச்ச மூணு நாள் தனியா உக்காந்து வாசிச்சேன். கையில இருக்கிறதுக்கு ரெட்டிப்பாச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அப்ப இனிமே மூணு நாளா?"

"இனிமே ஆறுதான். உங்களுக்குத்தான் வீட்டுல தனியா இருக்க முடியலையே."

ஆயர் வந்து ஆர்கனைப் புகழ்ந்துவிட்டுப் போயும் இரண்டு மாதமாகிறது. தினமும் சாயங்காலம் என் மனைவியும் நானும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். சண்டைக்கு ஆள் கிடைத்துவிட்டாள். வாயைத் திறக்கத்தான் மூச்சில்லை. மோட்டாரைக் கோவில் கிணற்றில் தண்ணீர் இறைக்க அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்த பித்தளைப் பலகையைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து, கைப்பிடிக்கு நேர் மேலே, நான் நிற்கிற இடத்தில் அடித்திருக்கிறார்கள்.