செபுவுக்கு ஒரு ஒத்திகை

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ‘யார்ரா நீ’ என்று விசாரிக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. நான் அவரிடம் குட்டியானை ஓட்டுகிறேன். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. நிஜ யானை ஓட்டுகிற அளவுக்கு நான் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பையே மூன்று வருஷம் படித்தேன், ஆழமாகப் படிக்கலாமே என்று.

முதலாளிக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் ‘நெசமாவா’. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். “மழ பேயுது மொதலாளி” என்றால், “நெசமாவா?” என்று எழுந்து வந்து கையை நீட்டி நனைத்துப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வைத்தால் மண்டபத்துக்குப் போன் போட்டு, அந்தத் தேதிக்கு அந்த மாப்பிள்ளைதானா என்று கேட்பார். மூட்டை வந்து இறங்கினால் குத்தூசியை அடிவயிறு வரைக்கும் இறக்கி, நாலு மல்லாட்டையை உருவி உடைத்துப் பார்ப்பார். மேலே நல்லதைப் பரப்பிக் கீழே சொத்தையைத் திணிக்கிற உலகம் இது என்பது அவர் கொள்கை.

மகள் திவ்யா விழுப்புரத்தில் பள்ளிக்கூடம் படித்தபோது, வாத்தியார் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறாரா என்று பார்க்க ஒரு பீரியடு முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மணி அடித்ததும் கையைத் தூக்கி ரெண்டு கேள்வியும் கேட்டார். பாப்பா ரெண்டு நாள் சோறு திங்கவில்லை.

அந்தப் பாப்பாதான் இப்போது பிலிப்பைன்ஸ் நாட்டில், செபு என்கிற ஊரில் டாக்டருக்குப் படிக்கிறது. போய் மூன்று வருஷம். “ஒருதடவ வந்து ஊரு சுத்திப் பாத்துட்டுப் போங்கப்பா” என்று கூப்பிட்டது. முதலாளியம்மா விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி யோசித்தார். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் சனி, ஞாயிறு. அதற்கு மேல் ஊரை விட்டால், திரும்பி வரும்போது மண்டி அதே இடத்தில் இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம்.

பாப்பா போனில் ஒரு லிஸ்ட் அனுப்பியது. சனிக்கிழமை காலையில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவன் நட்ட சிலுவை, பக்கத்திலேயே கோட்டை, மத்தியானம் மலைமேல் சீனாக்காரர் கோயில். ஞாயிறு முழுக்கப் படகில் ஏறித் தீவு தீவாகச் சுற்றுவது. ஊருக்குள்ளே போய்வர ஜீப்னி என்கிற கலர் கலரான வண்டி.

அந்த வண்டியின் வீடியோவை என்னிடம் காட்டினார்.

“டேய் குமாரு, பின்னால குந்திக்கினு இருக்கறவன் காசு குடுக்கறான். கை மாறி கை மாறி டிரைவர்கிட்ட போவுது. நடுவுல ஒருத்தன் அமுக்கினா?”

“நம்ம டவுன் பஸ்லயும் அப்டித்தான மொதலாளி?”

“அதனாலதான் நான் டவுன் பஸ்ல ஏர்றதில்ல.”

இந்த இடத்தில் நான் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லிஸ்ட் வந்த அன்றைக்கே பாப்பா எனக்கும் போன் போட்டது. குரல் சரியில்லை.

“குமாரண்ணா, ஒரு பேப்பர் போயிடுச்சு. அதே வருஷத்த திரும்பவும் படிக்கறேன். அப்பாவுக்குத் தெரியாது. காலேஜ் பக்கம் வந்தாருன்னா கேட்டுடுவாரு. அதான் லிஸ்ட்ல காலேஜையே போடல. நீ எதுனா பேசி அவர அந்தப் பக்கம் வராம பாத்துக்கண்ணா.”

“என்கிட்ட ஏம்மா சொல்ற?”

“நீதான மூணுவாட்டி ஃபெயிலானவன். உனக்குத்தான் புரியும்.”

என் படிப்பை நம்பி ஒருத்தர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

முதலாளிக்கோ லிஸ்ட்டின் மேல் நம்பிக்கை இல்லை. “ரெண்டு நாள்ல இத்தன எடம் பாக்க முடியுமா? இங்கயே ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாம், வண்டிய எடு” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியானை செபுவுக்குக் கிளம்பியது.

விக்கிரவாண்டி டோல்கேட்தான் ஏர்போர்ட். ஓரமாக நிறுத்தி, நான் காலிச் சாக்கின் மேல் ஆபீசராக உட்கார்ந்தேன்.

“எதுக்கு எங்க ஊருக்கு வந்த?”

“அத நீ எதுக்குக் கேக்கற?”

“நான் ஆபீசரு.”

“ஐடி கார்டு காட்டு.”

“மொதலாளி, அங்க இப்டிப் பேசினா அடுத்த பிளேன்லயே திருப்பி ஏத்திடுவாங்க.”

“இவன் நெசமான ஆபீசரான்னு தெரியாம நான் ஏண்டா பதில் சொல்லணும்?”

செஞ்சிக் கோட்டையை செபு கோட்டையாக வைத்துக்கொண்டோம். அது குட்டிக் கோட்டையாம், இதில் ஏறி இறங்கியதும் எனக்கு முழங்கால் கழன்றுவிட்டது. மயிலம் முருகன் அன்றைக்கு மட்டும் சீனாக்காரர் கோயிலில் இருந்தார். கடைசியில் மரக்காணம் கடற்கரை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் முதலாளி படகு கேட்டார்.

“எங்க போவணும்?”

“பிலிப்பைன்ஸு.”

அவர் எங்கள் ரெண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். “அவ்ளோ தூரத்துக்கு டீசல் இல்லியேப்பா.”

படகு கிடைக்கவில்லை. மணலில் உட்கார்ந்தோம். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லிஸ்ட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார். எனக்கு வேர்க்க ஆரம்பித்தது.

“காலேஜ் இதுல இல்லியே குமாரு.”

“ஞாயித்துக்கிழம லீவு மொதலாளி.”

“சனிக்கிழம?”

“அங்க சனிக்கிழமயும் லீவு.”

“காலேஜ் கேட்டத் தொட்டுப் பாத்துட்டு வரக்கூடவா லீவு?”

“அங்கெல்லாம் லீவுன்னா கேட்டையும் சேத்துப் பூட்டிடுவாங்க மொதலாளி.”

எட்டாவது மூன்று தடவை படித்தவனுக்கு இதைவிட நல்ல பொய் வராது. அவர் என் முகத்தையே பார்த்தார். இருபது வருஷமாக மூட்டையைப் பார்க்கிற கண். குத்தூசி என் வயிற்றில் இறங்குவது எனக்கே தெரிந்தது. இப்போது ‘நெசமாவா’ என்பார், நான் உளறுவேன், பாப்பா அங்கே அழும் என்று நினைத்தேன்.

“சரி” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய், வரும் வழியில் சோடா வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மூடி முன்னாலேயே திறந்திருந்ததா என்று கேட்டார். அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது.

போனார். வந்தார். கூட்டிவர மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குக் குட்டியானையிலேயே போனேன். வாசலில் போலீஸ்காரர், “லோடு எங்க?” என்றார். “பிளேன்ல வர்து சார்” என்றேன்.

செங்கல்பட்டு தாண்டுகிற வரைக்கும் அவர் ஜீப்னியைப் பற்றியே பேசினார். மூன்று தடவை ஏறினாராம், மூன்று தடவையும் காசு டிரைவர் கைக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லையாம். ஒருத்தன்கூட அமுக்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். போனில் படம் காட்டினார். சிலுவைக்குப் பக்கத்தில் பாப்பா, கோட்டையில் பாப்பா, படகில் பாப்பா வாய்விட்டுச் சிரிக்கிறது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“காலேஜ் பக்கம் போனீங்களா மொதலாளி?”

“இல்ல.”

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“போன வருஷம் வீடியோ கால்ல மேசமேல ஒரு தடி புக்கு இருந்துச்சு, பச்ச அட்ட. இந்த வருஷமும் அதே புக்குதான் இருக்குது. எனக்குத் தெரியாதாடா?”

வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. நான்தான் இழுத்தேன்.

“அப்ப ஏன் மொதலாளி கேக்கல?”

“கேட்டா அழுவும். அழுவறதப் பாக்கவா அவ்ளோ தூரம் போனேன்? அதுவா சொல்லும்போது சொல்லட்டும். நீ உளறி வெக்காத. எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியக்கூடாது.”

ஆக, அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று மகளுக்காக ஒரு ரகசியம், அப்பாவுக்குத் தெரியும் என்பது மகளுக்குத் தெரியக்கூடாது என்று அப்பாவுக்காக ஒரு ரகசியம். ஒரு கணக்கே ஒழுங்காக வராத மண்டையில் ரெண்டையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தேன். பெரிய பேஜாரு.

மண்டி வாசலில் இறங்கியதும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். காய்ந்த மாம்பழம். செபுவில் பேர்போனதாம்.

“பாப்பா உனக்குன்னு குடுத்துச்சு. நான் பிரிச்சுப் பாக்கல.”

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கடைசி வார்த்தையின் எடை தெரியும். நாலு நாள் ஆயிற்று, நானும் அதைப் பிரிக்க மனசில்லாமல் வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.