கொழுத்த எழுத்தும் ஒரு சிட்டிகை எலிமருந்தும்

எழுத்து வைத்தியர் வந்த நாளிலிருந்து கடைத்தெருவில் எந்த எழுத்துக்கும் மூலை கிடையாது. கடைக்காரர்கள் பெயர்ப்பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் வரிசை கட்டினார்கள். வைத்தியர் பலகையின்மேல் கட்டைவிரலை வைப்பார், கண்ணை மூடுவார், "குத்துது" என்பார். கூர்மூலை எழுத்து அதிர்ஷ்டத்தைக் கிழித்து ஒழுகவிடுமாம். முனை மழுங்கி, உடம்பு பெருத்து, தலையணை மாதிரி உப்பிய எழுத்து தாங்கிப் பிடிக்குமாம். அந்த எழுத்து அவரிடம் மட்டுமே கிடைக்கும் என்பதையும் மறக்காமல் சொல்வார். பாவம் ட, ப! பிறந்ததிலிருந்து மூலையோடு வாழ்ந்தவை, ஒரே வாரத்தில் குற்றவாளிகளாகிவிட்டன.

வக்கீல் பலகை கொழுத்தது. சவப்பெட்டிக் கடைப் பலகை இன்னும் கொழுத்தது. பலூன் விற்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். யாரும் யோசிக்கவில்லை. அதற்குத்தான் வைத்தியர் இருக்கிறாரே.

மளிகைக்கடைக்காரர் ஒருபடி மேலே போனார். எலிமருந்துப் பொட்டலங்களுக்கும் உப்பிய எழுத்தில் சீட்டு ஒட்டினார். உருண்டை எழுத்து பட்டால் விஷத்துக்குக்கூடக் குணம் மாறும், மனிதரை ஒன்றும் செய்யாது என்று வைத்தியர் அடித்துச் சொல்லியிருந்தார். மறுநாளே பக்கத்து வீட்டுக் குழந்தை மிட்டாய் என்று எண்ணி ஒரு பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கப் போனது. கடைக்காரர் மனைவி பாய்ந்து பிடுங்கினாள். அதைக் கையில் பிடித்தபடியே கணவரிடம் போனாள்.

"பழைய சீட்டையே ஒட்டுங்க. இது வா வான்னு கூப்பிடுற எழுத்து. பொம்மைக்கடைக்குப் போடலாம், ஐஸ் கடைக்குப் போடலாம். விஷம் கூப்பிடலாமா? கிட்ட வராதேன்னு மிரட்ட வேண்டாமா?"

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. வைத்தியர் வாயாலேயே கேட்டுக்கொள் என்று அவரையே அழைத்து வந்தார். பின்னாலேயே பாதித் தெருவும் வந்தது.

அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தியர் முன்னால் வைத்தாள்.

"இந்த எழுத்து பட்டா விஷம் ஒண்ணும் செய்யாதாமே?"

"சத்தியமா செய்யாதும்மா."

"அப்ப ஒரு சிட்டிகை வாயில போடுங்க."

வைத்தியருக்கு அன்று விரதமாம். பிறகு வயிறு சரியில்லையாம். கடைசியில், தன் சக்தி தனக்கே பலிக்காதாம். பலகை பலகையாகத் தொட்ட கட்டைவிரல் மட்டும் பொட்டலத்தை நெருங்கவில்லை.

அவள் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

கடைக்காரருக்கு உயிரே போய்விட்டது. எழுத்தாவது, அதிர்ஷ்டமாவது! "துப்புடி, துப்பு" என்று அவள் வாய்க்குள் விரலை விட்டார். அவளோ நிதானமாக மென்றாள். கூட்டம் கைதட்டியது. விஷம் சர்க்கரையாகிவிட்டதாம், எல்லாம் எழுத்தின் மகிமையாம். வைத்தியரும் சட்டென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சர்க்கரைதான். காலையில நான்தான் மாத்திக் கட்டினேன்" என்றவள், இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். "இது நெஜமான மருந்து. எழுத்து அதேதான். மகிமைன்னு சொன்னவங்க எல்லாம் முன்னால வாங்க."

கூட்டம் பின்னால் போனது. எல்லோருக்கும் முன்னால் பின்வாங்கியவர் வைத்தியர். அவர் செருப்புகூட வாசலிலேயே கிடந்தது. கடைக்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகக் கிழித்தார்.

எலிகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கிறது. ஆறறிவு படைத்தவர்களே, உங்களுக்கு என்ன கேடு?