எட்டு பார் பார்க்கும் அம்மா

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு முடித்து, பத்தாம் வகுப்பை எந்த ஊரில் படிக்கப்போகிறோம் என்று தெரியாமல் இருக்கும் தங்கள் மகள் பணிவோடு எழுதுவது. அம்மாவும் நானும் நலம். தங்கள் நலத்தையும், தனியாகத் தங்கள் இடது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். "போன்ல காது ஏமாத்தும், காகிதம் ஏமாத்தாது. நடந்ததை எழுதி அனுப்பச் சொல்லு" என்று பெரியம்மாவிடம் தாங்கள் சொல்லி அனுப்பியபடி, இன்று சனிக்கிழமை பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை கேளிக்கைத் தெருவில் நடந்த அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் அந்தத் தொலைபேசிப் பேச்சு. அப்பா கப்பலுக்குப் போனபின் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று தாங்கள் கேட்டீர்கள். அம்மா ஏணி உச்சியில் நின்றபடி பதில் சொன்னார்: "இந்தத் தெருவுல எட்டு பாரையும் நான்தான் பாக்குறேன் அத்தான். மத்தியானம் ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள எட்டும் முடிஞ்சிரும். நேத்துதான் ரெண்டு ரவுண்டு போயும் நிக்கல. உள்ள நல்லா தண்ணி இறங்கிடுச்சு. அப்புறம் ஒரு குவார்ட்டர் போட்டேன், கப்புனு நின்னுச்சு." தாங்கள் தொலைபேசியை வைத்தீர்கள், என்னைக் கையோடு அழைத்துவர அடுத்த பேருந்திலேயே பெரியம்மாவை ஏற்றிவிட்டீர்கள். பெரியப்பா, அம்மா விளக்கு பழுதுபார்ப்பவர். ரவுண்டு என்பது பழுது எங்கே என்று சுற்றி வருவது. தண்ணீர் இறங்கியது பெயர்ப்பலகைக்குள், அன்று மழை. குவார்ட்டர் என்பது கால் அங்குலத் திருகாணி. நின்றதும் பலகைதான். சந்தேகம் தீர அகராதியையும் புரட்டினேன். 'பார்' என்றால் உலகம் என்றும், காண் என்றும் இருக்கிறது. தாங்கள் நினைத்த பொருள் அதில் இல்லை. பழைய அகராதி.

பெரியம்மா வந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பெட்டியக் கட்டுடி" என்றார். நான் பெட்டியைத் தேடப் போனேன். அம்மா மட்டும் கலங்காமல், "அக்கா, ஒரே ஒரு நாள் கூட வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போ" என்றார். "பாக்காம விடுவேனா? எட்டையும் பாக்குறேன்" என்று பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினார்.

பகலில் ஒரு பாருக்குள் நுழைவது, தேர்வு முடிந்த மறுநாள் பள்ளி அரங்குக்குள் நுழைவது போல இருக்கிறது. மேசைமேல் நாற்காலிகள் தலைகீழாகக் கிடக்கின்றன. குழல்விளக்கு வெள்ளையாக எரிகிறது. எங்கும் பினாயில் வாசனை. முதல் பாரில் முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியோடு தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் ஒருவர் மேசைக்கு அடியில் படுத்துச் சூயிங்கம் சுரண்டினார். மூன்றாவதில் தொலைந்த ஒற்றைக் கம்மல்கள் ஒரு ஜாடி நிறைய இருந்தன; பெரியம்மா கைவிட்டுக் கிளறி, "ஒண்ணுக்காச்சும் ஜோடி இருக்கா பாரு, வெறும் சோம்பேறிக் காதுங்க" என்றார். ஏழாவது பாரை விட்டு வெளியே வந்ததும், "என்னடி இது, ஆட்டம் போடுறவன் ஒருத்தனையும் காணோம்! ஆஸ்பத்திரியில இதவிடக் கூத்து நடக்கும்" என்றார். அவர் முகத்தில் இருந்தது கோபம் அல்ல, ஏமாற்றம் என்பதையும் உண்மையின் பொருட்டு இங்கே பதிவு செய்கிறேன்.

எட்டாவது, 'ஒட்டகச்சிவிங்கி' என்ற நடன விடுதி. வாசலில் ஒட்டகச்சிவிங்கி உருவத்தில் விளக்கு உண்டு. கழுத்து மட்டும் எரியாததால் ஒரு வாரமாகத் தலை தனியாக ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தது. கதவையே அடைத்து நிற்கும் காவலரை எல்லாரும் கதவண்ணன் என்பார்கள். அவர் பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பதினெட்டு ஆயிடுச்சா பாப்பா? அடையாள அட்டையக் காட்டு" என்றார். பெரியம்மா, "அட போப்பா, பேரன் எடுத்தாச்சு" என்று அவர் கையில் ஓர் அடி வைத்தார். மூக்கிலிருந்து முந்தானை அப்போது இறங்கியதுதான், திரும்ப ஏறவே இல்லை.

உள்ளே தரை முழுக்க அறுபத்து நான்கு கண்ணாடிக் கட்டங்கள். மிதித்தால் எரிய வேண்டும். ஒவ்வொன்றாக மிதித்துச் சோதிக்கும்படி அம்மா சொன்னார். நான் மிதித்தேன், ஒன்றுகூட எரியவில்லை. "புத்தகத்தத் தின்னா எட எங்கிருந்து வரும்?" என்றார் பாட்டுப் போடுகிற அண்ணன். கதவண்ணன் ஒரு கால் வைத்ததும் கட்டம் முனகியது. அம்மா அலறி அவரை இறக்கிவிட்டார். பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி யாரைப் பார்த்தோம் என்று தாங்களே ஊகிக்கலாம்.

"நானா? ஆளப் பாரு!" என்று பெரியம்மா ஒரே ஒரு கட்டத்தில் கால் வைத்தார். காலடியில் பச்சையாகப் பூத்தது. "ஐயே!" என்று பக்கத்தில் தாவினார், அது சிவப்பு. "அக்கா, அத இன்னொரு தடவ மிதி, லேசா துடிக்குது" என்றார் அம்மா ஏணியிலிருந்து. "கணக்கா மிதிக்கத் தாளம் வேணும்மா" என்று பாட்டு அண்ணன் ஒன்றைத் தட்டிவிட்டார். பெரியம்மா சேலையை இடுப்பில் செருகினார். இடது, இடது, வலது, ஒரு சுற்று. நான் பென்சிலோடு கட்டத்தாளில் குறித்துக்கொண்டே வந்தேன், கதவண்ணன் கைதட்ட மறந்து வாயைப் பிளந்தார், சூயிங்கம் சுரண்டியவர்கூடத் தெருவைத் தாண்டி ஓடி வந்துவிட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அப்பா கப்பலேறியபின் அம்மா அப்படிச் சிரித்து இன்றுதான் பார்த்தேன். முப்பத்தேழாம் கட்டம் தவிர எல்லாம் எரிந்தன.

மூச்சு வாங்க உட்கார்ந்த பெரியம்மா தீர்ப்பு சொன்னார்: "பொண்ணு இங்கயே படிக்கட்டும். நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்." நானே எழுதிவிடுகிறேன் பெரியம்மா என்று கெஞ்சி இதை எழுதியிருக்கிறேன். இனித் தங்களுக்கு ஐயம் இராது என்று நம்புகிறேன். தங்கள் ஆசியும், பத்தாம் வகுப்பை இங்கேயே படிக்க ஒரு வரி அனுமதியும் வேண்டி, தங்கள் முழங்காலுக்கு மீண்டும் என் அன்பைத் தெரிவித்து முடிக்கும்,

தங்கள் மகள்.

பின்குறிப்பு: நான் கையெழுத்திடும் நேரத்தில் பெரியம்மா தங்களிடம் தொலைபேசியில் பேசிவிட்டார். "எட்டு பாரையும் பாத்தாச்சுங்க! கடைசி பார்ல மட்டும் ரெண்டு ரவுண்டு. காலே தரையில நிக்கல!" தாங்கள் முதல் பேருந்தில் புறப்படுவதாகச் சொல்லித் துண்டித்துவிட்டீர்களாம். ஆகவே இதைத் தபாலில் சேர்க்கவில்லை. வாசலிலேயே கொடுத்துவிடுகிறேன், செருப்பைக் கழற்றும் முன் தயவுசெய்து படிக்கவும். பெரியம்மா கொஞ்சமும் கவலைப்படவில்லை. "வரட்டும்டி. அவரு எடைக்கு அந்த முப்பத்தேழு எரியுதானு பாத்துரலாம்" என்கிறார். இதற்குமேல் வரிகள் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பெரியம்மா விளக்கை அணைத்துவிட்டார்.