மஞ்சள் கம்பி

கதவின் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்றது. சேஷாசலம் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதே சுரீர்தான் போன வாரம் ஒரு நெட்வொர்க் கார்டைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

இரண்டாவது கார்டு வெள்ளி உறைக்குள் மேசைமேல் இருந்தது. வியட்நாமின் டான் சோன் நாட் விமான நிலையத்தை ஒட்டிய அந்தச் சரக்கு அலுவலகத்தின் முதலாளி ஹாஜா மைதீன், நாகூரிலிருந்து காலையிலேயே போன் செய்துவிட்டார்.

"தம்பி, இதுவும் போச்சுன்னா, ஊருக்கு வர்ற சரக்கோட சரக்கா உன்னையும் ஏத்திவிடச் சொல்லிருவேன்."

சொன்னால் செய்கிற மனிதர். மனைவி சௌந்தரம் இப்போதுதான் மகளை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தாள். சீருடையின் புது மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

ஏசி காற்றை உலர்த்தினால் உடம்பில் ஸ்டாட்டிக் மின்சாரம் ஏறும் என்று படித்திருந்தான். ஏசியை நிறுத்தினான். வியர்த்துக் கொட்டியது. நைலான் சட்டையும் ஆகாது. கழற்றிவிட்டுப் பனியனோடு நின்றான். ஷூவும் சாக்ஸும் போயின. கடைசியாக மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, அதிலிருந்து நீண்ட மஞ்சள் சுருள் கம்பியின் கிளிப்பை இரும்பு அலமாரியில் மாட்டினான். உடம்பில் சேரும் மின்சாரம் கம்பி வழியே அலமாரிக்கும், அங்கிருந்து பூமிக்கும் இறங்கிவிடும். கிளிப் கழன்றால் கார்டும் போச்சு, வேலையும் போச்சு.

கணக்குப் பிரிவு ஜோசெட் எட்டிப் பார்த்தாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே வந்த புதுச்சேரிச் சிப்பாய் ஒருவரின் கொள்ளுப்பேத்தி. ஞாயிறு மாதா கோயில், வெள்ளி த்ருவோங் டின் தெரு மாரியம்மன் என்று யாரையும் விட்டுவைக்காதவள்.

"அண்ணே, கையில என்ன கயிறு?"

"பேசாதே! செருப்போட உள்ள வராதே. அந்த வெயில் ஜாக்கெட்டை வெளியிலேயே கழட்டு. வந்ததும் முதல்ல அலமாரியைத் தொடு."

ஜோசெட்டின் கண்கள் விரிந்தன.

"தெரியாம வந்துட்டேன் அண்ணே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அலுவலகமே வெறுங்காலோடு அவள் பின்னால் வந்தது. மாரியம்மன் கோயில் கல்சுவரில் செய்வதுபோல, ஒவ்வொருவராக அலமாரியில் இரண்டு கையையும் நெற்றியையும் பதித்து எதையோ முணுமுணுத்தார்கள். அலமாரி ஆடியது.

"ஐயோ, ஆட்டாதீங்க! தள்ளி நிக்கச் சொல்லு!"

ஜோசெட் வியட்நாமியில் என்ன சொன்னாளோ, எல்லோரும் மண்டியிட்டார்கள். ஒருவர் பழத்தட்டு வைத்தார். வாசல் காவலாளி ஊதுவத்திக் கட்டையே கொளுத்திவிட்டார்.

கூரையில் புகை அலாரம் கண்சிமிட்டத் தொடங்கியது. அது அலறினால் மேலேயிருந்து தண்ணீர் கொட்டும். சேஷாசலம் பாய்ந்தான். கம்பி விண்ணென்று இழுத்தது. அப்புறம் தாராளமாக விட்டுக்கொடுத்தது. நல்ல கம்பி என்று நினைத்துக்கொண்டு ஊதுவத்தியைப் பிடுங்கி யாருடைய தேநீரிலோ முக்கினான்.

இனி ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது. கண்ணைக் கார்டிலிருந்து எடுக்காமல் உறையைப் பிரித்து, ஓரத்தை மட்டும் பிடித்து, மூச்சை அடக்கிக் கணினிக்குள் செருகினான். சிவப்பு விளக்கு. அவனுக்கு மகளின் சீருடை கண்ணில் வந்து போனது. மஞ்சள். பிறகு பச்சை.

அறை முழுக்கக் கைகள் குவிந்தன. சேஷாசலம் போனை எடுத்தான். நாகூருக்குக் கூப்பிட்டான்.

"வேலை செய்யுது பாய்! எல்லாம் இந்தக் கம்பியோட புண்ணியம். இதைக் கட்டிக்கிட்டா ஸ்டாட்டிக் நம்மகிட்ட வாலாட்டாது."

பெருமையோடு கம்பியைக் கழற்றத் திரும்பினான். அதன் மறுமுனை அலமாரியில் இல்லை. தலைக்கு மேல் தூக்கிய ஜோசெட்டின் கைகளில் இருந்தது.

"நீங்க பாய்ஞ்சப்பவே கழண்டு விழப்பாத்துச்சு அண்ணே," என்றாள் அவள் பயபக்தியோடு. "சாமிக் கயிறு பூமியில படக்கூடாதுன்னு நான்தான் இவ்வளவு நேரமும் தூக்கிப் பிடிச்சிட்டிருக்கேன்!"